சியோ என்று உனக்குப் பெயர் வைத்தவன் எழுதுவது

றக்வானை,
கார்த்திகை மாதம், ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் சியோவுக்கு,

நானும் உன் அம்மாவும் சுகமாகத்தான் இருக்கிறோம். அந்தப் பேச்சை இத்தோடு முடித்துக்கொள்கிறேன். முதல் பக்கம் முழுக்கச் சுகம் விசாரித்து, இரண்டாம் பக்கத்தில் மழையைப் பற்றி எழுதி, சொல்லவேண்டியதைக் கடைசியில் ஓரத்தில் நுணுக்கி நுணுக்கி எழுதுகிறவர் அப்பா என்று நீ கேலி செய்வாயே, இன்றைக்கு அப்படிச் செய்யப்போவதில்லை. தை மாதம் உனக்குக் கல்யாணம். கல்யாணப் பத்திரிகையில் உன் பெயரைச் சிவகாமி என்று மாற்றிப் போடவேண்டும் என்று பெல்மதுளைச் சம்பந்தி கேட்டார். நானும் சரி என்று சொல்லிவிட்டேன். உன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் சொன்னேன். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

போன மாதம் சம்பந்தியும் அவர் மனைவியும் பஸ்ஸில் வந்தார்கள். வளைந்து வளைந்து ஏறுகிற பாதையில் அந்த அம்மாளுக்குத் தலைசுற்றல். அவர் உட்கார்ந்து கோப்பி குடித்துத் தெளிகிறவரைக்கும் ஊர்ப்பேச்சுப் பேசிக்கொண்டிருந்தோம். சம்பந்தி நல்ல மனிதர்தான், அதையும் சொல்லிவிடவேண்டும். பெல்மதுளைச் சந்தியில் துணிக்கடை வைத்து நாலு பேர் மதிக்க வாழ்கிறவர். தயங்கித் தயங்கித்தான் ஆரம்பித்தார். "பொண்ணு தங்கமான பொண்ணுங்க. பேருதான் கொஞ்சம் இடிக்குது. ஜப்பான் பேருன்னு சொன்னா என்ன சாமி கும்புடுறவங்கன்னு கேக்குறாங்க. பத்திரிகையில சிவகாமின்னு போட்டுருவோமுங்களா?" என்றார். நான் யோசிக்கக்கூட இல்லை. அதுக்கென்னங்க, போட்டுருவோம் என்றேன். உன் அம்மா அடுப்படி வாசலில் டம்ளர்களை வைத்துக்கொண்டு நின்றாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள் பார், முப்பது வருஷக் குடித்தனத்தில் அப்படி ஒரு பார்வையை நான் பார்த்ததில்லை. அன்றிலிருந்து எனக்குச் சாப்பாட்டைப் போட்டுவிட்டு, தான் அடுப்படியில் தனியாகச் சாப்பிட்டாள்.

ஏன் சரி என்றேன்? பயம்தான். உனக்கு இருபத்துமூன்று வயதாகிவிட்டது. உன் வயதுப் பெண்களுக்கெல்லாம் இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று. வந்த வரனெல்லாம் பிள்ளைப்பேறு பார்க்கிற பெண் என்றதும் முகம் சுளித்துக்கொண்டு போனார்கள். இவர்கள் மட்டும்தான் அதைப் பெருமையாகப் பேசினவர்கள். ஒரு பெயருக்காக அந்த இடம் போய்விடக்கூடாதே என்று நினைத்தேன். நாலு பேர் முன்னால் வீறாப்பாகப் பேசுகிறவன்தான் உன் அப்பன். ஆனால் மகள் கல்யாணம் என்று வந்தபோது பயந்துவிட்டேன், அதுதான் உண்மை.

பெயர் வந்த கதை உனக்குத் தெரியும். ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் நான் சொன்ன கதையில் ஒரு பாதி இல்லை. உனக்கு முன்னால் எங்களுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்து, இரண்டுமே முகம் பார்த்துச் சிரிக்கிற வயதுக்குள் போய்விட்டன. மூன்றாவதாக நீ வயிற்றில் இருந்தபோது, பிறந்ததும் பிள்ளையைக் குப்பைமேட்டில் ஒரு நிமிஷம் கிடத்தி எடுத்துக் குப்பாயி என்று பெயர் வைத்துவிட வேண்டும் என்று உன் அம்மா முடிவாக இருந்தாள். நம் சனங்கள் அப்படித்தானே செய்வார்கள்? வேண்டாத பிள்ளை என்று காட்டினால் சாவுக்கும் அது வேண்டாமல் போய்விடும் என்று ஒரு நம்பிக்கை. நான் ஒத்துக்கொள்ளவில்லை. கணக்கப்பிள்ளையாகத் தினம் காலையில் பிரட்டுக்களத்தில் நின்று நானூறு பேரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புகிறவன் நான். அதில் குப்பாயி மட்டும் பதினொருத்தி. என் பிள்ளையும் பன்னிரண்டாவதாக அந்த வரிசையில் நிற்பதா என்று எனக்கு ஒரு வீம்பு.

அந்தச் சமயத்தில்தான் அந்த ஜப்பான்காரர் வந்தார். ருஷ்யாக்காரனை ஜப்பான் ஜெயித்த புதிது. அந்தப் போரில் ஜெயித்த கப்பல் சேனாதிபதியின் பெயரைக் கொழும்பில் பிள்ளைகளுக்கு வைக்கிறார்களாம் என்று பேப்பர் படிக்கிறவர்கள் பேசிக்கொண்ட காலம். அவர் நாட்டில் பச்சைத் தேயிலைதான். நம்முடைய கறுப்புத் தேயிலையை எப்படிச் செய்கிறார்கள் என்று பார்த்துப் போகத் துரை அவருக்கு அனுமதி கொடுத்திருந்தார். கொஞ்சம் இங்கிலீஷ் தெரிந்த ஆள் என்று துரை என்னை அவரோடு அனுப்பிவைத்தார். அவருடைய இங்கிலீஷும் என்னுடைய இங்கிலீஷும் ஒன்றுக்கொன்று சளைத்ததல்ல. ஆனாலும் பத்து நாளில் எங்களுக்குள் ஒரு பேச்சு உண்டாகிவிட்டது. கொழுந்து வாட்டுகிற தட்டுகளின் பக்கத்தில் நின்று இலையை உள்ளங்கையில் வைத்து முகர்ந்து முகர்ந்து பார்ப்பார். குழந்தையின் உச்சந்தலையை முகர்வது மாதிரி.

அவர் இருக்கும்போதே நீ பிறந்தாய், ஒரு நடுப்பகலில். விஷயம் கேள்விப்பட்டு வாழ்த்துச் சொல்ல வந்தார். இரண்டு பிள்ளை போன கதையையும் குப்பைமேட்டுக் கதையையும் அவரிடம் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. எங்கள் நாட்டிலும் பெற்றவர்களுக்கு இதே பயம் உண்டு, ஆனால் பிள்ளை நிலைக்கவேண்டும் என்றால் நாங்கள் வேறு மாதிரிப் பெயர் வைப்போம் என்றார். பென்சிலை வாங்கித் தேயிலைப் பெட்டியின் மூடியில் இரண்டு எழுத்து எழுதிக் காட்டினார். முதல் எழுத்துக்கு ஆயிரம் என்று பொருள். அடுத்த எழுத்துக்குத் தலைமுறை என்று பொருள். சேர்த்தால் சியோ. ஆயிரம் தலைமுறை வாழ்க என்று அரசர்களை வாழ்த்திப் பாடுகிற பழைய பாட்டிலெல்லாம் அந்தச் சொல் வருமாம். முற்காலத்தில் பெரிய பிரபுக்கள் தங்கள் ஆண் குழந்தைகளுக்கு வைக்கும் பால்யப் பெயரின் கடைசியில் அதைச் சேர்ப்பார்களாம். காலப்போக்கில் பெண்பிள்ளைகளின் பெயராக நிலைத்துவிட்டதாம். அவ்வளவுதான், எனக்குத் தலைகால் புரியவில்லை. பிரபுக்கள் வீட்டுப் பெயர்! றக்வானை மலையில் எவனுக்கும் இல்லாத பெயர்! உன் அம்மாவிடம் ஆயிரம் தலைமுறை என்ற பொருளை மட்டும் சொன்னேன். அவள் உன்னை மார்போடு அணைத்துக்கொண்டு, "ஆயிரம் எல்லாம் வேணாங்க, இவ ஒருத்தி இருந்தா போதும்" என்று அழுதாள். பிறகு பெயருக்குச் சம்மதித்தாள்.

பதிவுக்குப் போனபோது அந்தச் சிங்கள உத்தியோகத்தர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "மொகக்த மே நம?" என்று என்னைப் பார்த்தார், இது என்ன பெயர் என்று. நானும் சிங்களத்திலேயே விளக்கம் சொன்னேன், அரை மணி நேரம். அவர் பொறுமையாகக் கேட்டு, ஹரிம லஸ்ஸன நமக், ரொம்ப அழகான பெயர் என்று சொல்லி எழுதினார். அன்றிலிருந்து யார் கேட்டாலும் எனக்கு அதே அரை மணி நேரம்தான். பலாங்கொடைச் சந்தையில் மரக்கறி வாங்கப் போனால்கூட யாராவது பிள்ளை பெயர் என்ன என்று கேட்கமாட்டார்களா என்று நிற்பேன். அவ்வளவு கர்வம்.

அந்தக் கர்வத்தால் நீ பட்ட பாடும் எனக்கு மறக்கவில்லை. தோட்டப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் உன்னைச் சீ என்றும் ஐயோ என்றும் பிரித்துப் பிரித்துக் கூப்பிட்டார்கள். ஏழு வயதில் நீ அழுதுகொண்டு வந்து, எனக்கும் சரஸ்வதி என்று பெயர் வையுங்கள் என்றாய். உன்னை மடியில் உட்காரவைத்து நாலு நல்ல வார்த்தை சொல்லியிருக்கலாம். உன் அப்பன் என்ன செய்தான்? விடுவிடுவென்று பள்ளிக்கூடத்துக்குப் போய், வாத்தியாரை ஓரம்கட்டிவிட்டு, பிள்ளைகளையெல்லாம் எழுப்பி நிறுத்தி உன் பெயரை முப்பது தடவை சொல்லவைத்தான். கணக்கப்பிள்ளை அல்லவா, யார் தட்டிக்கேட்பது? அதற்குப் பிறகு ஒரு பிள்ளையும் உன்னைக் கேலி செய்யவில்லை. ஒரு பிள்ளையும் உன்னோடு விளையாடவும் வரவில்லை. பல மாதம் நீ தனியாக மாங்கொட்டையை உதைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்ததை நான் ஆபீஸ் ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறேன். மன்னித்துக்கொள், கண்ணு.

ஆனால் அந்தப் பெயரை நான் காப்பாற்றினதைவிட நீ நன்றாகக் காப்பாற்றினாய். கொழும்பில் பிள்ளைப்பேற்றுப் படிப்புக்குச் சேர்ந்த முதல் வாரம், பெரிய நர்ஸ் அம்மாள் உன் பெயர் வாயில் நுழையவில்லை என்று மேரி என்று கூப்பிட்டதாகவும், மூன்று நாள் நீ மேரிக்குத் திரும்பிப் பார்க்கவே இல்லை என்றும், நாலாம் நாள் அந்த அம்மாளே சியோ என்று கூப்பிட்டதாகவும் எழுதியிருந்தாய். அந்தக் கடிதத்தை நான் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தோட்டம் முழுக்கச் சுற்றினேன். சத்தம் போடாமல், யாரையும் எழுப்பி நிறுத்தாமல், மூன்று நாள் சும்மா இருந்தே ஜெயித்தாயே. அந்தச் சாமர்த்தியம் உனக்கு உன் அம்மாவிடமிருந்து வந்திருக்கவேண்டும். என்னிடத்தில் அது கிடையாது.

இப்போது கருப்பாயி விஷயத்துக்கு வருகிறேன். ஆடி மாதம் நீ லீவில் வந்திருந்தபோது, கீழ் லயத்து வீடுகளில் இருக்கிற கருப்பாயிக்குப் பிள்ளை தலைக்குப் பதில் கால் முன்னால் வந்து, எல்லாரும் கைவிட்ட நேரத்தில் நீ போய் இரண்டு உயிரையும் காப்பாற்றினாய். நீ பலாங்கொடைத் தோட்டத்து ஆஸ்பத்திரி வேலைக்குத் திரும்பிப் போனபிறகு, சம்பந்தி வந்துபோன மறுவாரம், கருப்பாயி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆபீசுக்கு வந்தாள். பிள்ளைக்குப் பெயர் வைக்காமல் இத்தனை நாள் இழுத்தடித்தவள், இன்றைக்கு எழுதிக்கொள்ளுங்கள் என்றாள். என்ன பெயர் என்றேன். சியோ என்றாள். எனக்குச் சுருக்கென்றது. அது எங்கள் வீட்டுப் பெயர் அம்மா, உனக்கு எதற்கு, கமலா என்று எழுதட்டுமா என்று பேனாவை மையில் தோய்த்துவிட்டேன்.

அவள் நகரவில்லை. பிள்ளையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டு சொன்னாள்: "ஐயா, எம் பேரே கருப்பாயி இல்லீங்க. வேலம்மா. நான் வந்த அன்னிக்கு, ஆளுங்க பேரு எழுதுற செக்ரோல்ல ஏற்கனவே மூணு வேலம்மா இருக்குன்னு நீங்கதான் கருப்பாயின்னு எழுதுனீங்க. இப்ப எம் புருசனும் அப்படித்தான் கூப்புடுறாரு. எனக்குப் போனது போகட்டுங்க. எம் புள்ளைக்கு நான் வச்ச பேரை எழுதுங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்கு அது ஞாபகமே இல்லை, சியோ. அவளுக்கு மட்டுமா செய்தேன்? ஒரே பெயரில் நாலு பேர் இருந்தால் பிரட்டில் குழப்பம் வரும் என்று இருபத்தைந்து வருஷமாக எத்தனை பேருக்கு வாய்க்கு வந்த பெயரை எழுதியிருக்கிறேனோ. எந்தக் கணக்கப்பிள்ளையும் செய்கிற வேலைதான், யாரும் தப்பென்று சொன்னதில்லை. என் மகள் பெயரை முப்பது தடவை சொல்லவைத்தவன், அடுத்தவள் பெயரை ஒரு கோட்டில் அழித்துவிட்டு அன்றைக்கே மறந்தும் போயிருக்கிறேன். பிள்ளைக்குச் சியோ என்று எழுதினேன். மறுநாள் காலைப் பிரட்டில் மற்ற மூன்று வேலம்மாக்களும் பதில் சொன்னபிறகு, வேலம்மா என்று நாலாவது தடவையாகக் கூப்பிட்டேன். யாரும் பதில் சொல்லவில்லை. மறுபடி கூப்பிட்டேன். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகுதான் அவள், வந்திருக்கேனுங்க என்றாள். கூடை மாட்டின கயிற்றைச் சரிசெய்வதுபோலத் தலையைக் குனிந்துகொண்டாள்.

கதையில் இல்லாத பாதியை இப்போது எழுதிவிடுகிறேன். பிரபுக்கள் கதை பொய்யில்லை, அவர் சொன்னதுதான். ஆனால் அதற்குப் பிறகும் அவர் சொன்னார். சியோ என்பது தன் தாயாரின் பெயர் என்றார். அந்த அம்மாள் மலைச்சரிவில் கொழுந்து பறிக்கிறவர். வயதாகியும் வேலையை விடவில்லையாம். இப்போது அந்த நாட்டில் அது எங்கும் பரவிய பெயராம். துணி வெளுக்கிறவள் வீட்டில் ஒரு சியோ, மீன் விற்கிறவள் வீட்டில் ஒரு சியோ. பிள்ளை தங்கவேண்டும் என்று ஆசைப்படுகிற எல்லாரும் வைக்கிற பெயர் என்று அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னார். எனக்கு அது பிடிக்கவில்லை. கொழுந்துக்காரியின் பெயரையா வைத்தேன் என்று உள்ளுக்குள் கசந்தது. அதனால் அதை உன்னிடமும் சொல்லவில்லை, உன் அம்மாவிடமும் சொல்லவில்லை. பிரபுக்களோடு கதையை நிறுத்திக்கொண்டேன். ஒரு மனிதர் தன் தாய் பெயரையே என் பிள்ளைக்குக் கொடுத்தார், நான் அதை வாங்கி ஒளித்துவைத்தேன்.

உன் ஆஸ்பத்திரி மருந்துக்கலவைக்காரர் போன கிழமை இந்தப் பக்கம் வந்தார். உங்கள் தோட்டத்து லயங்களில் இப்போது மூன்று சியோ இருக்கிறார்களாம், மூன்றும் நீ பார்த்த பிள்ளைகளாம். நீ எனக்கு எழுதவேயில்லையே! இங்கே வேலம்மாவின் மகளோடு நாலு. அந்தப் பெயருக்குப் பிரபுக்களும் அரசர்களும் கொடுக்காத பெருமையை உன் இரண்டு கை கொடுத்திருக்கிறது. இருபத்துமூன்று வருஷம் தப்பான காரணத்துக்காகப் பெருமைப்பட்டேன். இனிமேல் யாராவது கேட்டால் என் அரை மணி நேரத்தில் முழுக்கதையையும் சொல்வேன், கொழுந்து பறிக்கிற அந்த அம்மாளிலிருந்து ஆரம்பித்து.

முந்தாநாள் பெல்மதுளைக்குப் போனேன். கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து, நான் கொடுத்த வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்றேன். மகளிடம் கேட்காமல் சொன்னது என் தப்பு, அந்தப் பெயர் என்னுடையதல்ல, கொடுக்க எனக்கு உரிமை இல்லை என்றேன். சம்பந்திக்கு முகம் சிவந்துவிட்டது. "ஒரு தடவ சரின்னீங்க. இப்ப இல்லேங்குறீங்க. நாளைக்கு வேற என்னத்த மாத்துவீங்க?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். பத்திரிகையில் சிவகாமி இல்லாவிட்டால் தாங்கள் யோசிக்கவேண்டியிருக்கும் என்றார். நான் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தேன். பஸ்ஸுக்கு நிற்கும்போது உன் மாப்பிள்ளை பின்னாலேயே ஓடிவந்தான். கையில் துணி அளக்கிற கோல்கூட அப்படியே இருந்தது. "மாமா, எனக்கு அந்தப் பேரு புடிச்சிருக்குங்க. அப்பாகிட்ட இன்னிக்கு ராத்திரிக்குள்ள பேசிருவேன்னு நெனைக்கிறேன். தைரியம் வந்தா பேசுவேன்" என்றான். பேசினானா என்று இதுவரை தெரியவில்லை. அவனைக் கோழை என்று நீ உடனே எடைபோட்டுவிடாதே. தைரியம் வந்தால் என்று ஒளிக்காமல் சொன்னானே, இந்த வயதிலும் எனக்கு அதுகூட வரவில்லை. ஆனால் அவன் பேசுவான் என்று நம்பி நீ முடிவெடுக்கவும் வேண்டாம்.

இன்னும் ஒன்று. இத்தனையும் எழுதினேனே என்று, அப்பாவுக்காகச் சியோவாகவே இருந்துதான் ஆகவேண்டும் என்று நினைத்துவிடாதே. ஏழு வயதில் வேறு பெயர் கேட்டு அழுதவள் நீ. அந்த வீட்டையும் அந்தப் பையனையும் உனக்குப் பிடித்து, சிவகாமி என்ற பெயரும் உனக்கு இதமாக இருந்தால் அதை எடுத்துக்கொள். அதில் ஒரு குறையும் இல்லை. பிடிக்கவில்லை என்றால் விடு. கல்யாணம் நின்றால் நிற்கட்டும். ஊர் வாயை நான் பார்த்துக்கொள்கிறேன். பயம் இன்னும் இருக்கத்தான் செய்கிறது. ஆனாலும் பார்த்துக்கொள்கிறேன். உன் அம்மாவிடம் இதைப் படித்துக் காட்டினேன். இப்பவாவது புத்தி வந்துச்சே என்றாள். ஒரு மாதத்துக்குப் பிறகு இன்றைக்குத்தான் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

இதோடு கல்யாணப் பத்திரிகையின் கையெழுத்துப் பிரதியை வைத்திருக்கிறேன். நாள், முகூர்த்தம், மாப்பிள்ளை பெயர், என் பெயர், சம்பந்தி பெயர் எல்லாம் எழுதிவிட்டேன். பெண்ணின் பெயர் வருகிற இடத்தில் மட்டும் ஒன்றும் எழுதவில்லை. எந்தப் பெயர் என்று நீயே எழுதி, அங்கிருந்தே இரத்தினபுரி அச்சுக்கூடத்துக்கு அனுப்பிவிடு. என்னிடம் திருப்பி அனுப்பாதே. என் கண்ணில் பட்டால் நான் பேனாவை எடுத்துவிடுவேன், என்னை உனக்குத் தெரியும். அச்சாகி வந்தபிறகு, எல்லாரும் பிரித்துப் பார்க்கும்போது நானும் ஒன்றைப் பிரித்து உன் பெயரைத் தெரிந்துகொள்கிறேன்.

அப்பா